சுற்றறிக்கை துறைத்தலைவர் மேஜையைத் தாண்டட்டும்

பொது சுகாதாரம் சொல்லித்தரும் கல்லூரிகளுக்குப் பயிற்சி, ஆராய்ச்சி நிதி, ஃபெலோஷிப் என்று வருஷம் முழுக்க அறிவிப்புகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. வருவது தெரிந்தால்தானே விண்ணப்பிக்க முடியும்? டெல்லியிலிருந்து டீன் அலுவலகம், அங்கிருந்து துறைத்தலைவர், அங்கிருந்து பேராசிரியர் என்று இறங்கி வருவதற்குள் கடைசித் தேதி நெருங்கிவிடுகிறது, அதற்கும் கீழே அது இறங்குவதே இல்லை. நான் ஒரு மருத்துவக் கல்லூரியில் கம்யூனிட்டி மெடிசின், அதாவது சமூக மருத்துவத் துறையில் பாடம் நடத்துகிறேன். இந்த மாதிரித் துறை எதை எடுத்துக்கொண்டாலும் சில பேராசிரியர்களைச் சுற்றி மெடிக்கல் சோஷியல் வொர்க்கர், புள்ளியியலாளர், ஹெல்த் இன்ஸ்பெக்டர், செவிலியர், லேப் டெக்னீஷியன், வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கும் ப்ராஜெக்ட் ஸ்டாஃப், பில் பார்க்கும் கிளார்க் என்று ஒரு பெரிய கூட்டம் வேலை செய்கிறது. சுற்றறிக்கையில் ஆசிரியர்களும் பணியாளர்களும் விண்ணப்பிக்கலாம் என்றே அச்சாகியிருக்கும், ஆனால் அந்தப் பணியாளர்களின் காதுக்கு அது எட்டாது. இந்தப் பதிவு முதலில் அவர்களுக்காக, அடுத்து புதிதாகச் சேர்ந்திருக்கும் உதவிப் பேராசிரியர்களுக்காக.

ஏற்கெனவே கையில் இருக்கிற ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள். 2025 ஜனவரியிலிருந்து மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களில் இருப்பவர்கள் இவற்றைக் காசு கொடுக்காமல் படிக்கலாம், அரசு மருத்துவக் கல்லூரிகளும் இதில் வரும். முன்பெல்லாம் லான்செட் மாதிரி ஒரு மருத்துவ இதழின் கட்டுரை வேண்டுமென்றால் வெளிநாட்டில் இருக்கும் நண்பரிடம் கேட்டு வாங்குவோம், இல்லையென்றால் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு மேற்கோள் காட்டிவிடுவோம். அந்த நிலைமை மாறி இவ்வளவு நாளாகியும் துறையில் பலருக்கு இது தெரியவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். உங்கள் நூலகரிடம் போய் நம் கல்லூரி பதிவு செய்திருக்கிறதா, எனக்கு எப்படி லாகின் கிடைக்கும் என்று கேளுங்கள். பதிவு ஆகவில்லை என்றால் டீனுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், இது யாரிடமும் சலுகை கேட்பதல்ல, அரசு ஏற்கெனவே பணம் கட்டிவிட்டது. தனியார் கல்லூரிகள் முதல் கட்டத்தில் இல்லை, அந்தக் குறை குறைதான்.

அடுத்தது படிப்பு. சென்னை அயப்பாக்கத்தில் இருக்கும், ஐ.சி.எம்.ஆர். என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தைத் துறையில் எல்லோரும் என்.ஐ.இ. என்றுதான் சொல்வோம். ஆவடியிலிருந்த தொழுநோய்க் களப் பிரிவையும், சென்னையில் இருந்த மருத்துவப் புள்ளியியல் நிறுவனத்தையும் இணைத்து 1999ல் உருவானது அது. களப்பணியும் கணக்கும் அதன் பிறப்பிலேயே சேர்ந்திருப்பதால்தானோ என்னவோ, அவர்கள் ஆராய்ச்சி முறைகளைச் சொல்லித்தரும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஹெல்த் ரிசர்ச் ஃபண்டமென்டல்ஸ் என்று அவர்கள் என்.பி.டி.இ.எல். என்ற ஐ.ஐ.டி.களின் பாடத்தளம் வழியாக நடத்தும் இணையப் படிப்பைப் பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது, தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்க மட்டும் ஒரு சிறு தொகை கட்ட வேண்டும். மருத்துவ ஆசிரியர்களுக்கு உயிரிமருத்துவ ஆராய்ச்சிக்கான அடிப்படைப் படிப்பு என்ற இன்னொன்று இருக்கிறது, பதவி உயர்வுக்கு அந்தச் சான்றிதழைத் தேசிய மருத்துவ ஆணையம் கேட்கிறது. அதனால் ஆசிரியர்கள் அதை எப்படியும் முடித்துவிடுவார்கள். நான் சொல்ல வருவது முதல் படிப்பைப் பற்றி. ஒரு ஆய்வுக் கேள்வியை எப்படி எழுதுவது, எத்தனை பேரைச் சேர்க்க வேண்டும், கேள்வித்தாளில் எங்கே பிழை வரும் என்பதையெல்லாம் ஒரு சோஷியல் வொர்க்கரும் ஹெல்த் இன்ஸ்பெக்டரும் கற்றுக்கொண்டால் துறையின் வேலையே வேறு தரத்துக்குப் போய்விடும். ஏனென்றால் கேள்வித்தாளோடு வாசற்படியில் நிற்பது அவர்கள்தான். இந்தக் கேள்விக்கு யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள் என்பது வடிவமைத்தவருக்கு முன்னால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது மருமகளிடம் குடும்பக் கட்டுப்பாடு பற்றிக் கேட்டால் என்ன பதில் வரும் என்று எந்தப் பாடப்புத்தகமும் படிக்காமலே அவர்களால் சொல்ல முடியும்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்டால், நம் ஊரில் நடந்து உலகத்தையே மாற்றிய ஒரு ஆய்வைத்தான் காட்டுவேன். 1956ல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. ஐ.சி.எம்.ஆர்., அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து செய்த வேலை அது. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சிதான். காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும், நல்ல காற்றும் நல்ல சாப்பாடும் ஓய்வும் இருந்தால்தான் மருந்து வேலை செய்யும் என்று நம்பிய காலம். அவர்கள் சென்னையின் நெரிசலான ஏழைக் குடியிருப்புகளிலிருந்து 193 நோயாளிகளை எடுத்து, சிலரைச் சானடோரியத்துக்கும் சிலரை வீட்டுக்குமாகப் பிரித்து, இரு பக்கமும் ஒரே மாதிரி மருந்துகளை ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். 1959ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள், அவர்களோடு ஒரே வீட்டில் இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை என்று அடுத்து வந்த முடிவுகள் காட்டின. உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியாக அது ஒரு முக்கியக் காரணம்.

சரி, அந்த ஆய்வு எப்படி நம்பத்தக்கதாக ஆனது? சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணியதும், மருந்து சாப்பிட்டார்களா என்று பார்க்கச் சிறுநீர் மாதிரி எடுத்து வந்ததும்தான் அதன் முதுகெலும்பு. அதைச் செய்தவர்கள் செவிலியர்கள், ஹெல்த் விசிட்டர்கள், ஆய்வக ஊழியர்கள். அவர்கள் ஒரு நாள் சோம்பியிருந்தால் அந்த முடிவு நின்றிருக்காது. மருத்துவ வரலாறு படிப்பவர்களுக்குத் தலைமை விஞ்ஞானிகளின் பெயர் தெரியும், அந்தச் சந்துகளில் நடந்தவர்களின் பெயர் தெரியாது.

இப்போதும் அப்படித்தான் நடக்கிறது. தமிழ்நாட்டில் 2022ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லா திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காசநோய் என்று தெரிந்தவுடனேயே நோயாளியின் உயரத்துக்கேற்ற எடை, மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, காலில் வீக்கம், எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். ஆபத்தில் இருப்பவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்க ஏற்பாடாகிறது. இதற்கு ஸ்கேன் வேண்டாம், பெரிய இயந்திரம் வேண்டாம், ஒரு எடைக்கருவியும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் கவனமான ஒரு ஊழியரும் போதும். என்.ஐ.இ.யும் மாநில காசநோய்ப் பிரிவும் சேர்ந்து நடத்தும் இந்தத் திட்டத்தைப் பற்றி ஆய்விதழ்களில் கட்டுரைகள் வந்திருக்கின்றன, மற்ற மாநிலங்கள் இதைக் கவனிக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நின்று அந்த அளவுகளை எடுப்பவர்களுக்கும் ஆராய்ச்சி எழுதக் கற்றுக்கொடுத்தால் இன்னும் எத்தனை நல்ல கேள்விகள் வெளியே வரும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

அதற்கென்றே ஒரு பயிற்சி இருக்கிறது, பெயர் சார்ட் இட். காசநோய்க்கான சர்வதேச அமைப்பான தி யூனியனும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் 2009ல் ஆரம்பித்தார்கள், பிறகு உலக சுகாதார நிறுவனத்தில் வெப்பமண்டல நோய் ஆராய்ச்சியைக் கவனிக்கும் டி.டி.ஆர். பிரிவு அதை முன்னெடுத்தது. திட்டங்களில் நேரடியாக வேலை செய்பவர்களை எடுத்து, அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் பதிவேடுகளையே வைத்து ஆய்வு செய்யச் சொல்கிறார்கள். முதல் கட்டத்தில் ஆய்வுத் திட்டம், அடுத்து தரவு அலசல், கடைசியில் கட்டுரை. ஒவ்வொரு கட்டத்துக்கும் கெடு உண்டு, முடிக்காவிட்டால் அடுத்த கட்டத்துக்கு வர முடியாது. கண்டிப்பாகத்தான் இருப்பார்கள், ஆனால் அந்தக் கண்டிப்பால்தான் கட்டுரை உண்மையிலேயே வெளியாகிறது. இந்தியாவில் காசநோய்த் திட்டத்திலும் இந்த முறையில் பயிற்சிகள் நடந்திருக்கின்றன. அப்புறம், நோய்ப் பரவலைத் துப்பறியும் ஃபீல்டு எபிடெமியாலஜி பயிற்சிகளில் முன்களப் பணியாளர்களுக்கான மூன்று மாதப் பயிற்சி ஒன்று உண்டு, வேலையில் இருந்துகொண்டே செய்யலாம். மருத்துவர்களுக்கு 2012ல் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் தொடங்கிய இரண்டு வருஷப் பயிற்சி இருக்கிறது, அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

கட்டுரையில் பெயர் போடுவது பற்றியும் பேசியாக வேண்டும், ஏனென்றால் மனக்கசப்பு அதிகம் வருவது அங்கேதான். மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு கட்டுரையாசிரியருக்கு நான்கு தகுதிகளை வைத்திருக்கிறது. ஆய்வை வடிவமைப்பதிலோ தரவைச் சேகரிப்பதிலோ அலசுவதிலோ கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழு ஆய்வுக்கும் பொறுப்பேற்பது. இதைக் காட்டித்தான் 'தரவு எடுத்தது மட்டும்தானே, எழுதவில்லையே' என்று களப்பணியாளர்களின் பெயரை நன்றியுரைக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் அதே விதியில் இன்னொரு வரியும் இருக்கிறது. முதல் தகுதி உள்ளவர்களுக்கு எழுதவும் திருத்தவும் ஒப்புதல் தரவும் வாய்ப்புக் கொடுக்க வேண்டும், அதை மறுத்துவிட்டு அதையே காரணமாகச் சொல்லி விலக்கக் கூடாது. அந்த வரியை அச்செடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும் என்பது என் கருத்து. ஆங்கிலம் வராது என்பது ஒரு காரணமே இல்லை. கண்டதைத் தமிழில் எழுதிக் கொடுக்கட்டும், ஆங்கிலத்தில் மாற்றுவதற்குத் துறையில் ஆள் இருக்கிறார்கள்.

இனி நிதி. உதவிப் பேராசிரியர்கள் கவனிக்க வேண்டியது முக்கியமாக மூன்று இடங்கள். ஐ.சி.எம்.ஆர். வெளி நிறுவனங்களுக்குத் தரும் ஆய்வு நிதியில் சிறிய தொகைக்கும் நடுத்தரத் தொகைக்கும் தனித்தனி அழைப்புகள் வருகின்றன, முதல் முறை எழுதுபவர்கள் சிறியதில் தொடங்குவது நல்லது. 2023ல் சட்டம் இயற்றி உருவாக்கிய அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, எஸ்.இ.ஆர்.பி. என்ற பழைய அறிவியல் ஆராய்ச்சி நிதி வாரியம் இருந்த இடத்துக்கு வந்திருக்கிறது, வேலையில் சேர்ந்த ஆரம்ப வருஷங்களில் இருப்பவர்களுக்கென்றே அதில் ஒரு நிதி உண்டு. காலம் கடந்தால் தகுதி போய்விடும் என்பதால் சேர்ந்த உடனேயே விதியைப் படித்துவிடுங்கள். மூன்றாவது இந்தியா அலையன்ஸ். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து நடத்துவது, மருத்துவர்களுக்கும் பொது சுகாதார ஆய்வாளர்களுக்கும் தனி ஃபெலோஷிப் வைத்திருக்கிறார்கள். 2025 அக்டோபரில் அதன் மூன்றாம் கட்டத்துக்கு 1,500 கோடி ரூபாய்க்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது, அதில் 1,000 கோடி இந்தியா தருகிறது, 500 கோடி வெல்கம் தருகிறது. வரும் வருஷங்களில் அழைப்புகள் தொடரும் என்று நம்பி இப்போதே திட்டத்தை எழுத ஆரம்பிக்கலாம்.

எழுதும்போது ஒரு விஷயம். பட்ஜெட்டில் கருவிக்கும் பயணத்துக்கும் தாராளமாகப் போட்டுவிட்டு, ஆட்களின் சம்பளத்தில் கைவைக்காதீர்கள். கிராமத்தில் ஒரு நாளைக்கு எத்தனை வீடு முடியும் என்று களத்தில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு ஆள் கணக்குப் போடுங்கள். கணக்குக் குறைந்தால் அவர்கள் இரவு வரை அலைவார்கள், இல்லையென்றால் தரவு கெடும். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் இப்போது முன்னைவிடப் பெரிய கேள்வி. 2025ல் அமெரிக்காவில் நடந்தவை இங்கே சம்பளப் பட்டியலில் தெரிகின்றன. யு.எஸ்.எய்ட் என்ற அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பு மூடப்பட்டது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் மே மாதம் ஓர் அறிவிப்பு விட்டது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வாங்கும் நிதியிலிருந்து வெளிநாட்டுக் கூட்டாளிகளுக்குத் துணை நிதி பிரித்துக்கொடுக்கும் பழைய முறையில் இனிப் புதிய அனுமதி இல்லை, வேறு ஏற்பாடு வரும்வரை காத்திருங்கள் என்றது. இந்தியாவில் எத்தனையோ கூட்டு ஆய்வுகள் அந்தத் துணை நிதியில்தான் ஓடின. பல நாடுகளில் மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்புகளை 1984லிருந்து யு.எஸ்.எய்ட் பணத்தில் தாங்கி நின்ற டி.எச்.எஸ். திட்டமும் அந்த வருஷம் நிறுத்தப்பட்டது. நம் தேசிய குடும்ப நல ஆய்வு 1992-93ல் தொடங்கி இன்றுவரை நாம் வகுப்பில் காட்டும் எண்களுக்கெல்லாம் அடிப்படை, அதற்கும் அந்தத் திட்டத்தின் தொழில்நுட்ப உதவி இருந்து வந்திருக்கிறது. இந்த மாதிரிச் செய்தி வரும்போது பேராசிரியர் வேலை போகாது. முதலில் வீட்டுக்குப் போவது ஒப்பந்தத்தில் இருப்பவர், அவரிடம் பெரும்பாலும் ஓர் அனுபவச் சான்றிதழ்கூட இருக்காது.

ஆகவே ப்ராஜெக்டில் இருப்பவர்களே, திட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வின் பெயர், சேர்ந்த தேதி, என்ன பதவி, என்னென்ன செய்தீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். 'நன்னடத்தையுடன் பணியாற்றினார்' என்ற ஒற்றை வரி அடுத்த இன்டர்வியூவில் உதவாது. கோபோ டூல்பாக்ஸிலோ எபிகலெக்டிலோ படிவம் தயாரித்தீர்களா, கியூ.ஜி.ஐ.எஸ்ஸில் வரைபடம் போட்டீர்களா, ஆர் என்ற கணினி மொழியில் தரவை அலசினீர்களா, அதையும் எழுதச் சொல்லுங்கள். இவற்றில் எதற்கும் பணம் கட்டிக் கற்க வேண்டியதில்லை, எல்லாம் இலவசமாகத் தொடங்கலாம். ஐ.சி.எம்.ஆர். ஆய்வுகளில் இப்போது ப்ராஜெக்ட் டெக்னிக்கல் சப்போர்ட், ப்ராஜெக்ட் ரிசர்ச் சயன்டிஸ்ட் என்று படிநிலை வைத்துப் பதவிகள் அறிவிக்கிறார்கள். என்.ஐ.இ., காசநோய் நிறுவனம் இரண்டின் இணையதளத்திலும் வேலைவாய்ப்புப் பக்கத்தை அவ்வப்போது பார்த்து வாருங்கள், நேரடி இன்டர்வியூ அறிவிப்புகள் அங்கேதான் வரும், சில நாள் அவகாசம்தான் இருக்கும். அரசு நிரந்தரப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புகளையும் விட்டுவிடாதீர்கள்.

அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது, இதை யாரும் சொல்வதே இல்லை. ஆராய்ச்சி நிர்வாகம் என்பது இப்போது தனித் தொழில். நிதிக்கணக்கு, வாங்கிய பணத்தை எப்படிச் செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ், ஒப்பந்தம், எத்திக்ஸ் கமிட்டிக் கோப்பு, வெளிநாட்டுக் கூட்டு ஆய்வுக்குச் சுகாதார அமைச்சகத்தின் குழுவிடம் அனுமதி வாங்குவது என்று ஒரு திறமையான கிளார்க் செய்யும் வேலைக்குத்தான் அந்தப் பெயர். இந்தியா அலையன்ஸ் 2018லிருந்து இந்தத் துறைக்கென்று பயிற்சியும் ஊக்கமும் கொடுத்து வருகிறது. பயன்பாட்டுச் சான்றிதழ் தாமதமாகி இரண்டாம் தவணைப் பணம் வராமல் ஆய்வு நின்றுபோனதைப் பார்த்தவர்களுக்கு அந்த மேஜையில் இருப்பவரின் மதிப்பு தெரியும்.

துறைத்தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். மின்னஞ்சல் வந்த அன்றைக்கே துறையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள், யாருக்குப் பொருந்தும் என்று நீங்களே வடிகட்ட வேண்டாம். பணியாளர் ஒருவர் பயிற்சிக்கு விண்ணப்பித்தால் அந்த நாட்களைப் பணி நாட்களாகவே கணக்கிடும் ஓ.டி. (ஆன் டியூட்டி) கொடுங்கள், அவருடைய விடுப்பைக் கழிக்காதீர்கள். என்.ஓ.சி. என்ற தடையின்மைச் சான்று கேட்டு வரும் காகிதத்தை 'பார்க்கலாம்' என்று வாங்கி வைக்காமல் அந்த வாரத்திலேயே மேலே அனுப்புங்கள். உரிய வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்ற விதியால் அதிகம் அடிபடுவது கீழே இருப்பவர்கள்தான், ஒரு கையெழுத்துக்காகக் காத்திருந்து ஒரு வருஷத்தையே இழப்பார்கள்.

முதல் முறை விண்ணப்பம் எழுதுபவர்கள் யாராக இருந்தாலும், ஹெல்த் இன்ஸ்பெக்டரோ செவிலியரோ புள்ளியியலாளரோ, வரைவைக் கீழே கருத்துப் பகுதியில் சுருக்கமாகப் போடுங்கள், படித்துப் பார்த்துப் பதில் சொல்கிறேன். தமிழில் இருந்தால் போதும்.